மறைவிடத்தில் ஒரு மாணவி: ஆன் ஃபிராங்கின் வாழ்க்கை வரலாறு

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயரை எழுதுவதும், அக்குழந்தை பள்ளியை விட்டு நீங்குங்கால் அப்பெயரை நீக்குவதும் எம்போன்ற தலைமையாசிரியர்களின் பணிகளுள் ஒன்று. நீக்கத்திற்குரிய காரணம் என்னும் கட்டத்தில் ஊர் மாற்றம் என்றோ படிப்பு முடிவுற்றது என்றோ எழுதுகிறோம். குடும்ப வறுமை என்று எழுத நேரும்போது கை சற்றே தயங்கும். ஆனால், நன்கு படித்துவரும் ஒரு குழந்தையை, அது பிறந்த குலத்தை மட்டுமே காரணமாகக் காட்டிப் பள்ளியினின்று நீக்குமாறு ஓர் அரசே ஆணையிட்டால், அக்கட்டத்தில் என்னவென்று எழுதுவது? 1941ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் ஆசிரியர்கள் இந்நிலைக்கு ஆளாயினர். அவ்வாறு நீக்கப்பட்ட யூதக் குழந்தைகளுள் ஒருத்தியே ஆன் ஃபிராங்க்.

அவள் அரசியல் தலைவி அல்லள். படை நடத்தியவள் அல்லள். 16 வயதைக்கூட அவள் எட்டவில்லை. எனினும் அவள் எழுதிய நாட்குறிப்பு இன்று 70க்கும் மேற்பட்ட மொழிகளில் படிக்கப்படுகிறது. பள்ளிக் கதவு அடைக்கப்பட்ட பின்னரும் படிப்பைக் கைவிடாத அம்மாணவியின் வரலாற்றை நம் சமுதாய இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்னும் விருப்பத்தால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

ஆன் ஃபிராங்க் 1929ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ஃபிராங்க்பர்ட் நகரில் பிறந்தாள். தந்தையார் ஓட்டோ ஃபிராங்க், தாயார் எடித். மூன்றாண்டு மூத்தவளான மார்கோட் அவளுடைய ஒரே உடன்பிறப்பு. ஓட்டோ ஃபிராங்க் முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர். தாம் ஜெர்மானியர் என்பதில் அவருக்கு எவ்வித ஐயமும் இருந்ததில்லை. ஆனால் 1933ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பேற்றபின், நாட்டிற்காகப் போரிட்ட யூதரும் அந்நாட்டவர் அல்லர் என்னும் கொள்கையே சட்டமாகத் தொடங்கியது.

வரவிருக்கும் இடரை முன்னுணர்ந்த ஓட்டோ, அவ்வாண்டே நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குக் குடிபெயர்ந்தார். பழப்பாகு செய்வதற்கு வேண்டிய பெக்டின் என்னும் பொருளை விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1934ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆன் அங்கு வந்து சேர்ந்தாள். மாண்டிசோரி முறையிலான பள்ளியில் அவள் சேர்க்கப்பட்டாள். டச்சு மொழி விரைவில் அவளுடைய சொந்த மொழியாயிற்று. மார்கோட் அமைதியும் அடக்கமும் கொண்ட சிறந்த மாணவி. ஆனோ ஓயாது பேசுபவள்; தோழியர் கூட்டத்தின் நடுவில் நிற்க விரும்புபவள். வகுப்பில் பேசிக்கொண்டேயிருந்தமைக்குத் தண்டனையாக ஆசிரியர் கட்டுரை எழுதச் சொன்னபோது, அதனையும் நகைச்சுவையாக எழுதி அவரையே சிரிக்கவைத்தவள்.

தடைகளின் காலம்

1940ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் ஜெர்மானியப் படை நெதர்லாந்தினுள் புகுந்தது. ஐந்து நாள்களில் அந்நாடு பணிந்தது. அதன்பின் யூதர்கள்மீது தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெரிய கொடுமை ஒரே நாளில் வந்திருப்பின் மக்கள் திடுக்கிட்டு எழுந்திருப்பர். அது சிறு சிறு ஆணைகளாக வந்தமையால், ஒவ்வோர் ஆணைக்கும் மக்கள் தம்மைப் பழக்கிக்கொண்டனர்.

முதலில் யூதர்கள் தம் பெயரைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்றனர். பின்னர் யூதர்கள் திரையரங்கிற்குச் செல்லக் கூடாது. பூங்காவில் அமரக் கூடாது. நீச்சற்குளத்தில் இறங்கக் கூடாது. டிராம் வண்டியில் ஏறக் கூடாது. மிதிவண்டிகளை ஒப்படைத்துவிட வேண்டும். பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரையே கடைக்குச் செல்லலாம். இரவு 8 மணிக்குமேல் வீட்டை விட்டு வெளிவரலாகாது. 1942ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஆறு வயதிற்கு மேற்பட்ட யூதர் ஒவ்வொருவரும் மேலாடையில் மஞ்சள் நிறத் துணி விண்மீனைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆணையும் பிறந்தது. எந்தத் தெருவில் நடக்கலாம், எந்த நீரைத் தொடலாம் என்று பிறப்பைக் கொண்டு வரையறுக்கும் முறையை நம் முன்னோர் அனுபவித்தறிந்தவர்கள். ஆதலின் இதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1941ஆம் ஆண்டின் கோடை விடுமுறைக்குப் பின் யூதக் குழந்தைகள் பொதுப் பள்ளிகளினின்று விலக்கப்பட்டனர். தான் நேசித்த பள்ளியை விட்டு ஆன் கண்ணீருடன் பிரிந்தாள். விடைகொடுத்த தலைமையாசிரியையும் கண்கலங்கினார். யூதர்க்கெனத் தனியே அமைக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளியில் அக்காள் தங்கை இருவரும் சேர்ந்தனர். அப்பள்ளியிலும் நாளுக்கு நாள் இருக்கைகள் காலியாயின. சிலர் பிடித்துச் செல்லப்பட்டனர். சிலர் எங்கோ மறைந்தனர்.

அமெரிக்காவிற்கோ கியூபாவிற்கோ குடும்பத்துடன் சென்றுவிட ஓட்டோ பெரிதும் முயன்றார். நுழைவு அனுமதி கிடைக்கவில்லை. ஜெர்மனியோ, வெளிநாட்டில் வாழ்ந்த தன் யூதக் குடிமக்களின் குடியுரிமையை 1941ஆம் ஆண்டு நவம்பரில் பறித்துவிட்டது. ஏற்கும் நாடும் இல்லாமல், சொந்த நாடும் இல்லாமல் அக்குடும்பம் நின்றது.

மறைவிடம்

1942ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், 13ஆம் பிறந்த நாளன்று, சிவப்பும் வெள்ளையும் கலந்த கட்டமிட்ட அட்டையுடைய ஏடு ஒன்று ஆனுக்குப் பரிசாகக் கிடைத்தது. அதனையே அவள் நாட்குறிப்பாகக் கொண்டாள். அடுத்த மூன்று வாரங்களில், ஜூலை 5ஆம் நாள், மார்கோட்டின் பெயருக்கு ஓர் ஆணை வந்தது. ஜெர்மனியிலுள்ள உழைப்பு முகாமிற்குச் செல்ல ஆயத்தமாக வேண்டும் என்பதே அதன் பொருள். மார்கோட்டிற்கு அப்போது வயது 16.

ஓட்டோ முன்னரே ஆயத்தம் செய்திருந்தார். பிரின்சன்கிராக்ட் என்னும் கால்வாய்க் கரைத் தெருவில் 263ஆம் எண்ணுள்ள கட்டடத்தில் அவருடைய நிறுவனம் இயங்கிவந்தது. முன்பகுதியில் அலுவலகமும் கிடங்கும் இருந்தன. பின்புறம் தெருவினின்று பார்ப்பவர்க்குத் தெரியாத தனிப் பகுதி ஒன்று இருந்தது. ஜூலை 6ஆம் நாள் காலை, கொட்டும் மழையில் அக்குடும்பம் அவ்விடத்தை நோக்கி நடந்தது. பெட்டியுடன் சென்றால் ஐயம் எழும் என்பதால், பல உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொண்டு சென்றனர். வளர்த்த பூனையையும் விட்டுச் செல்ல நேர்ந்தது.

ஒரு வாரத்திற்குப் பின் ஓட்டோவின் தொழில் தோழரான ஹெர்மன் வான் பெல்ஸ், அவர்தம் மனைவி அகுஸ்தே, மகன் பீட்டர் ஆகிய மூவரும் வந்து சேர்ந்தனர். நவம்பர் மாதத்தில் பல் மருத்துவரான ஃபிரிட்ஸ் ஃபெஃபர் வந்தார். ஆக எட்டுப் பேர். மறைவிடத்தின் வாயிலை மறைக்க, கீலில் சுழன்று திறக்கும் புத்தக அலமாரி ஒன்று செய்து பொருத்தப்பட்டது. உலகிற்கும் அவர்களுக்கும் இடையே நின்றது அந்த அலமாரி ஒன்றே.

ஓசையற்ற வாழ்க்கை

கீழே கிடங்கில் வேலை செய்தவர்கள் அனைவரும் இவ்விரகசியத்தை அறிந்தவர் அல்லர். எனவே பகற்பொழுது முழுவதும் எட்டுப் பேரும் ஓசையின்றி வாழ வேண்டியிருந்தது. காலணியுடன் நடத்தல் ஆகாது. நீர்க்குழாயைத் திறத்தல் ஆகாது. கழிப்பறையில் நீர் விடுதலும் ஆகாது. இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். சன்னல்களில் எந்நேரமும் திரை தொங்கும். அலுவலகம் மூடிய மாலை நேரத்தில்தான் மூச்சுவிட முடிந்தது. வகுப்பில் வாய் மூடாதவள் என்று பெயரெடுத்த சிறுமிக்கு இத்தகைய மௌனம் எத்துணைக் கொடிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

உடல் மட்டும் வளர்ந்துகொண்டேயிருந்தது. பெற்றோர் இரு பெண்களின் உயரத்தையும் சுவரில் பென்சிலால் கோடிட்டுக் குறித்துவந்தனர். அங்கிருந்த காலத்தில் ஆன் 13 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்தாள். அக்கோடுகள் இன்றும் அச்சுவரில் காப்பாற்றப்பட்டுள்ளன. உடைகள் சிறுத்தன. கண்பார்வை மங்கியபோது மருத்துவரிடம் செல்லவும் வழியில்லை. பல வாரங்கள் ஒரே வகைக் காய்கறியும் அழுகத் தொடங்கிய உருளைக்கிழங்குமே உணவாயின. இரவில் குண்டு வீசும் விமானங்களின் இரைச்சல். சில வேளைகளில் கிடங்கில் திருடர் புகுந்த ஓசை. திருடர் வந்தால் காவலரும் வருவரே என்று எட்டுப் பேரும் இருளில் உறைந்து அமர்ந்திருந்த இரவுகளும் உண்டு.

இவ்வளவு நெருக்கத்தில் பூசலும் எழாமல் இல்லை. ஆனுக்கும் அவளுடைய தாயாருக்கும் ஒத்துப்போகவில்லை. தாயாரைப் பற்றிக் கடுமையாக எழுதிய அவளே, பின்னாளில் அவ்வரிகளைப் படித்து வருந்தவும் செய்தாள். அவள் குற்றமற்ற தெய்வக் குழந்தை அல்லள். சினமும் பிடிவாதமும் சிரிப்பும் கனவும் நிறைந்த, நம் வகுப்பறைகளில் நாம் நாள்தோறும் காணும் சிறுமியே அவள்.

காத்து நின்ற கரங்கள்

எட்டுப் பேர் மறைந்து வாழ, வெளியில் அவர்கட்கு உணவும் செய்தியும் கொண்டுவருவோர் வேண்டும். ஓட்டோவின் அலுவலக ஊழியர்களான விக்டர் குக்ளர், யோகன்னஸ் கிளைமன், மீப் கீஸ், பெப் வோஸ்கெய்ல் ஆகியோரும், மீப்பின் கணவர் யான் கீஸும், பெப்பின் தந்தையாரும் அப்பொறுப்பை ஏற்றனர். புத்தக அலமாரியைச் செய்து பொருத்தியவர் பெப்பின் தந்தையாரே. இவர்கள் யூதர் அல்லர், செல்வந்தரும் அல்லர். கணக்கெழுதியும் தட்டச்சுச் செய்தும் ஊதியம் பெற்றவர்கள்.

உணவுப் பொருள்கள் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்ட காலம் அது. மறைந்திருப்போருக்குப் பங்கீட்டு அட்டை ஏது? எதிர்ப்பியக்கத்தினரின் துணையால் யான் கீஸ் பங்கீட்டுச் சீட்டுகளைத் திரட்டினார். மீப் காய்கறி வாங்கிச் சுமந்தார். பெப் பால் கொணர்ந்தார். கிளைமனின் நண்பரான ரொட்டிக்கடைக்காரர் ரொட்டி தந்தார். காய்கறிக்கடைக்காரர் தம் வீட்டில் யூதரை மறைத்து வைத்திருந்தமைக்காக 1944ஆம் ஆண்டு மே மாதம் கைதானபோது, மறைவிடத்தில் உணவு மேலும் சுருங்கியது. ஒரு யூதரைக் காட்டிக்கொடுத்தால் ஏழரை கில்டர் பணம் கிடைக்கும். மறைத்து வைத்தால் சிறை கிடைக்கும் என்றிருந்த நாட்கள் அவை.

மீப் கீஸின் கதையையும் இங்குக் குறிப்பிடல் தகும். அவர் வியன்னா நகரில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப்பின் பசியால் நலிந்த குழந்தையாக, 1920ஆம் ஆண்டில் நெதர்லாந்திற்கு அனுப்பப்பட்டார். முன்பின் அறியாத டச்சுக் குடும்பம் ஒன்று அவரை ஏற்று வளர்த்தது. பிறர் இட்ட சோற்றால் பிழைத்த அக்குழந்தை, வளர்ந்தபின் எட்டுப் பேருக்குச் சோறு சுமந்தது.

கல்வியே துணை

எந்நாளில் விடுதலை கிட்டும் என்று அறியாத நிலையிலும், அம்மறைவிடத்தில் படிப்பு நின்றதில்லை. விடுதலை கிட்டும் நாளில் தம் பிள்ளைகள் தம் வயதொத்தவர்களுக்குப் பின்தங்கியவர்களாக இருக்கலாகாது என்பது ஓட்டோவின் உறுதி. அவரே ஆசிரியரானார். பீட்டருக்கு ஆங்கிலமும், ஆனுக்குக் கணிதமும் மொழிகளும் கற்பித்தார். பெப்பின் பெயரில் அஞ்சல்வழிப் பாடங்கள் வரவழைக்கப்பட்டன. சுருக்கெழுத்தும் இலத்தீனும் அவ்வாறே அவ்வீட்டினுள் நுழைந்தன. நூலகத்திலிருந்து புத்தகங்கள் வாரந்தோறும் வந்தன.

ஆனுக்கு வரலாறு மிகவும் விருப்பமான பாடம். ஐரோப்பிய அரச குடும்பங்களின் கொடிவழியை அவள் வரிசைப்படுத்தி எழுதினாள். கிரேக்க, உரோமானியப் புராணங்களில் ஆழ்ந்தாள். இயற்கணிதம் மட்டும் அவளுக்குக் கசந்தது. திரைப்பட நடிகர்களின் படங்களைச் சேர்த்துச் சுவரில் ஒட்டுவதிலும் அவளுக்கு ஆர்வம் உண்டு. அவளுக்காகத் திரைப்பட இதழ் ஒன்றைக் குக்ளர் தவறாமல் கொண்டுவந்தார்.

இங்கு ஒரு நிகழ்ச்சியை நம் மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். ஆனும் ஃபெஃபரும் ஒரே சிற்றறையைப் பகிர்ந்துகொண்டனர். அவ்வறையில் எழுதுவதற்கு ஒரே ஒரு சிறு மேசை இருந்தது. பகற்பொழுதில் பெரும்பாலும் ஃபெஃபரே அதனைப் பயன்படுத்தினார். வாரத்தில் இரண்டு பிற்பகல் மட்டும் மேசையைத் தனக்கு விட்டுத்தருமாறு ஆன் பணிவுடன் கேட்டாள். சிறுமியின் படிப்பும் எழுத்தும் அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை; மறுத்துவிட்டார். ஆன் அழுதுவிட்டு அமையவில்லை, தந்தையாரிடம் முறையிட்டாள். அவர் நடுநின்று பேசியபின் அந்த இரண்டு பிற்பகலும் அவளுக்குக் கிடைத்தன. இன்று உலகம் போற்றும் நூல், படிப்பதற்கு ஒரு மேசை வேண்டும் என்று வழக்காடிப் பெற்ற சிறுமியின் நூல். நம் வீடுகளில் பலவற்றில் பிள்ளைகளுக்குத் தனி மேசை கிடையாது. அதனை நான் அறிவேன். ஆயினும் படிப்பிற்கென வீட்டில் ஓரிடமும் ஒரு நேரமும் கேட்டுப் பெறும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு. அதனைப் பெற்றுத்தரும் கடமை பெற்றோருக்கு உண்டு.

எழுத்தும் குறிக்கோளும்

முதலில் ஆன் தன் மன ஆறுதலுக்காகவே எழுதினாள். கிட்டி என்னும் கற்பனைத் தோழிக்கு எழுதும் கடிதங்களாக நாட்குறிப்பை அமைத்துக்கொண்டாள். பரிசாகப் பெற்ற ஏடு நிறைந்தபின் பயிற்சி ஏடுகளில் தொடர்ந்தாள். சிறுகதைகளும் எழுதினாள்.

1944ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், இலண்டனிலிருந்து ஒலித்த டச்சு வானொலியில் அமைச்சர் கெரிட் போல்கெஸ்டைன் உரையாற்றினார். போர்க்கால வரலாற்றை அரசு ஆவணங்களைக் கொண்டு மட்டும் எழுதிவிட முடியாது. எளிய மக்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது அவர் கூறியதன் கருத்து. மறைவிடத்தில் இதனைக் கேட்ட ஆனின் உள்ளத்தில் ஒரு குறிக்கோள் பிறந்தது. தன் நாட்குறிப்பு ஒரு நூலாக வேண்டும். தான் இதழாளராகவும் எழுத்தாளராகவும் ஆகவேண்டும் என்று உறுதிகொண்டாள்.

அவ்வாண்டு மே மாதம் 20ஆம் நாள் முதல், எழுதியவற்றைத் தனித் தாள்களில் செப்பனிட்டு மீண்டும் எழுதினாள். வேண்டாதவற்றை நீக்கினாள், குறைந்தவற்றைச் சேர்த்தாள், மனிதர்களுக்குப் புனைபெயர் சூட்டினாள். நூலுக்குப் பின்கட்டு எனப் பொருள்படும் டச்சுப் பெயரையும் தேர்ந்துகொண்டாள். ஏறத்தாழ பத்து வாரங்களில் 200க்கும் மேற்பட்ட தாள்களை அவள் எழுதி முடித்தாள். 15 வயதுச் சிறுமி தன் எழுத்தைத் தானே திருத்தி எழுதிய இவ்வுழைப்பைப் பலர் அறியார். அந்நூல் தற்செயலாகப் பிறந்ததன்று. பயின்று, திருத்தி, மீண்டும் எழுதிச் செய்யப்பட்டது.

ஜூன் 6ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் கடற்கரையில் இறங்கின. சுவரிலிருந்த வரைபடத்தில் ஓட்டோ ஊசிகளைக் குத்திப் படைகளின் முன்னேற்றத்தைக் குறித்தார். பள்ளி திறக்கும் பருவத்தில் மீண்டும் வகுப்பிற்குச் சென்றுவிடலாம் என்று ஆன் நம்பினாள்.

கைதும் முகாம்களும்

1944ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் முற்பகலில் ஜெர்மானியக் காவற்படை அதிகாரி கார்ல் சில்பர்பாவர் டச்சுக் காவலர்களுடன் அக்கட்டடத்தினுள் நுழைந்தார். அலமாரி திறக்கப்பட்டது. ஏறத்தாழ 25 மாதங்கள் நீடித்த மறைவு வாழ்க்கை அன்று முடிந்தது. நகைகளையும் பணத்தையும் எடுத்துச் செல்ல ஒரு பை வேண்டியிருந்தது. அங்கிருந்த தோற்பையைக் கவிழ்த்து, அதிலிருந்த தாள்களைத் தரையில் கொட்டிவிட்டு, அப்பையை அதிகாரி எடுத்துக்கொண்டார். கொட்டப்பட்டவை ஆனின் நாட்குறிப்புத் தாள்கள். அன்று எடுத்துச் சென்ற நகையும் பணமும் எங்குப் போயின என எவரும் கேட்பதில்லை. குப்பையென விட்டுச்சென்ற தாள்களைத்தான் உலகம் படிக்கிறது.

குக்ளரும் கிளைமனும் சிறைசென்றனர். எஞ்சிய மீப்பும் பெப்பும் தரையில் கிடந்த ஏடுகளையும் தாள்களையும் திரட்டினர். உரியவளிடமே திருப்பித் தருவேன் என்னும் எண்ணத்துடன், மீப் அவற்றைப் படித்தும் பாராமல் தம் மேசை அறையில் வைத்துக் காத்தார்.

எட்டுப் பேரும் முதலில் வெஸ்டர்போர்க் முகாமிற்கு அனுப்பப்பட்டனர். மறைந்து வாழ்ந்தமையே குற்றமாகக் கருதப்பட்டுத் தண்டனைக் கொட்டடியில் அடைக்கப்பட்டனர். செப்டம்பர் 3ஆம் நாள், 1,019 பேருடன் அங்கிருந்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமிற்குப் புறப்பட்ட இரயிலில் அவர்களும் இருந்தனர். ஆஷ்விட்ஸிற்கு நெதர்லாந்திலிருந்து சென்ற கடைசி இரயில் அதுவே. அங்கு ஆடவரும் பெண்டிரும் பிரிக்கப்பட்டனர். 15 வயதிற்குட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் நேரே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டனர். மூன்று மாதங்களுக்கு முன்னரே 15 நிரம்பியிருந்தமையால் ஆன் அன்று தப்பினாள்.

இலையுதிர் காலத்தின் இறுதியில் ஆனும் மார்கோட்டும் ஜெர்மனியிலுள்ள பெர்கன்-பெல்சன் முகாமிற்கு மாற்றப்பட்டனர். தாயார் எடித் ஆஷ்விட்ஸிலேயே தங்கி, 1945ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் உயிர்நீத்தார். பெர்கன்-பெல்சனில் உணவும் இல்லை, நீரும் இல்லை, எங்கும் நோய். முகாமின் மற்றொரு பகுதியில் ஆனின் பள்ளித்தோழி ஹன்னா கோஸ்லர் இருந்தார். முள்வேலிக்கு இருபுறமும் நின்று இருவரும் இருளில் பேசினர். பெற்றோர் இருவருமே இறந்துவிட்டனர் என்று ஆன் நம்பியிருந்தாள். தம்மிடமிருந்த சிறிதளவு உணவைப் பொட்டலமாகக் கட்டி ஹன்னா வேலிக்கு மேலாக எறிந்தார். முதல் முறை வேறொரு பெண் அதனைப் பறித்துச் சென்றாள். மறுமுறை எறிந்தது ஆனின் கைக்குக் கிடைத்தது.

அதன்பின் டைபஸ் காய்ச்சல் முகாம் முழுவதும் பரவியது. முதலில் மார்கோட்டும், அடுத்துச் சில நாள்களில் ஆனும் மாண்டனர். 1945ஆம் ஆண்டின் பிப்ரவரியில் இம்மரணங்கள் நேர்ந்திருக்கக்கூடும் என்று அண்மைக்கால ஆய்வு காட்டுகிறது. ஏப்ரல் 15ஆம் நாள் பிரித்தானியப் படை அம்முகாமை மீட்டது.

மறைந்திருந்த எட்டுப் பேருள் உயிருடன் மீண்டவர் ஓட்டோ ஃபிராங்க் ஒருவரே. நெதர்லாந்திலிருந்த ஏறத்தாழ 1,40,000 யூதருள் 1,00,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்நாட்டில் மறைந்து வாழ்ந்தோர் 25,000க்கும் மேற்பட்டவர். அவர்களுள் பலர் பிடிபட்டனராயினும், ஆயிரக்கணக்கான குழந்தைகள் அறியாதவர் வீடுகளில் வேறு பெயர் பூண்டு பிழைத்தனர். ஐரோப்பா முழுவதிலும் கொல்லப்பட்ட யூதர் ஏறத்தாழ 60 இலட்சம். அவர்களுள் குழந்தைகள் ஏறத்தாழ 15 இலட்சம்.

தந்தையும் நூலும்

1945ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் ஓட்டோ ஆம்ஸ்டர்டாம் திரும்பினார். மனைவி இறந்த செய்தியை வழியிலேயே கேட்டிருந்தார். மகள்களாவது பிழைத்திருப்பர் என்று நம்பி, திரும்பி வந்தோர் ஒவ்வொருவரிடமும் வினவினார். ஜூலை மாதத்தில் அந்நம்பிக்கையும் அற்றது. அப்போதுதான் மீப் தம் மேசை அறையைத் திறந்து, அத்தாள்களை எடுத்துத் தந்தையின் கையில் வைத்தார். தாம் பெற்ற மகளின் உள்ளத்தை அவள் மறைந்தபின்னரே முழுதும் அறிந்ததாக ஓட்டோ உணர்ந்தார்.

பதிப்பகங்கள் சில மறுத்தன. வரலாற்றறிஞர் யான் ரொமைன் 1946ஆம் ஆண்டு ஏப்ரலில் நாளிதழொன்றில் எழுதிய கட்டுரையே வழிதிறந்தது. 1947ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், ஆன் தேர்ந்த பெயரிலேயே நூல் வெளிவந்தது. முதற்பதிப்பில் ஏறத்தாழ 3,000 படிகளே அச்சாயின. 1952இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபின் புகழ் பெருகியது. 1955இல் நாடகமாகவும் 1959இல் திரைப்படமாகவும் ஆயிற்று. 1960ஆம் ஆண்டு மே மாதம் அம்மறைவிடம் பொதுமக்கள் காணும் இல்லமாகத் திறக்கப்பட்டது. 2009இல் அந்நாட்குறிப்பை யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலாவும் உடனிருந்தோரும் இந்நூலைப் படித்து ஊக்கம் பெற்றனர்.

இந்நூல் பொய்யென்று கூறியோரும் உண்டு. 1958ஆம் ஆண்டில் ஆஸ்திரிய இளைஞர் சிலர், ஆன் என்றொருத்தி வாழ்ந்ததே இல்லையென வாதிட்டனர். சான்று தேடப் புறப்பட்ட சைமன் வீசென்தால், 1963இல் வியன்னாவில் காவல் துறையில் பணியாற்றிவந்த சில்பர்பாவரையே கண்டுபிடித்தார். அவரும் அக்கைதை ஒப்புக்கொண்டார். பின்னர் டச்சு ஆய்வாளர்கள் தாளையும் மையையும் கையெழுத்தையும் ஆராய்ந்து, எழுத்து அவளுடையதே என நிறுவி 1986இல் ஆய்வுப் பதிப்பை வெளியிட்டனர்.

ஓட்டோ ஃபிராங்க் 1980ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் மறைந்தார். இறுதிவரை உலகெங்கிலுமிருந்து இளைஞர்கள் எழுதிய கடிதங்களுக்கு விடையெழுதி வந்தார். மீப் கீஸ் 2010ஆம் ஆண்டு, தம் 100ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

நாம் கொள்ள வேண்டியது

அன்பார்ந்த இளைஞர்களே! ஆனின் வரலாறு வெற்றிக் கதை அன்று. படித்ததால் அவள் உயிர் தப்பினாள் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். கல்வி அவளைச் சாவினின்று காக்கவில்லை. ஆனால் அவளை எண்ணாகவும் சாம்பலாகவும் மாற்ற முனைந்தோரின் எண்ணம் நிறைவேறாமல் அவள் கற்ற எழுத்து தடுத்தது. பிடித்துச் சென்றவர்கள் அவளைப் பற்றி எழுதியது ஒரு பட்டியலில் ஒரு வரி மட்டுமே. அவள் தன்னைப் பற்றித் தானே எழுதியதால்தான் நாம் அவளை அறிகிறோம். அரசு ஆவணங்கள் மட்டும் வரலாறாகா என்று அந்த அமைச்சர் கூறிய கருத்து நமக்கும் பொருந்தும். நம் பாட்டனாரும் பாட்டியாரும் பட்ட பாட்டையும் பெற்ற வெற்றியையும் நாம் எழுதாவிடின், வேறு எவர் எழுதுவர்? அவர்கள் உயிருடன் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

மீப்பையும் பெப்பையும் மறவாதீர்கள். நீங்கள் படித்து அலுவலகங்களில் அமர்வீர்கள். அப்போது உதவி நாடி உங்கள் முன் நிற்பவர் உங்கள் இனத்தவராக இல்லாமலும் இருக்கலாம். தம் இனத்தவர் அல்லாதாருக்காகத் தம் வாழ்வையே ஈடாக வைத்த அந்த எளிய எழுத்தர்களை அவ்வேளை நினைவில் கொள்ளுங்கள்.

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகள் நிறைவெய்தி வெள்ளிவிழாக் காண்கிறது. ஆன் மறைவிடத்தில் வாழ்ந்தது ஏறத்தாழ 25 மாதங்கள். திறந்த சன்னலும் இல்லாத அந்த இருட்டறையில், திரும்பிச் செல்லும் பள்ளிக்காக அவள் நாள்தோறும் பாடம் படித்தாள். அவளுடைய வகுப்பறை இருக்கை நிரப்பப்படாமலே போயிற்று. உங்களுக்காகப் பள்ளிக் கதவு திறந்திருக்கிறது. நாளைக் காலை மணியடிக்கும்போது உங்கள் இருக்கை காலியாக இருத்தல் ஆகாது.